ஆலோசனை உளவியலில் முனைவர் பட்டம்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஆலோசகராகப் பணிபுரிந்துகொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டம் முடித்தவள் என்பதால், கல்லூரிகளுக்குப் பேசச் செல்லும்போதும், தொலைபேசியிலும், ஏற்காடு பேருந்தில் பக்கத்து இருக்கையிலிருந்தும் கூட ஒரே வகையான ஐயங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகளைப் பற்றி நான் சொல்வன பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளை ஒட்டியவை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அவற்றோடு தன் விதிகளையும் சேர்த்துக்கொள்ளும் என்பதால், அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிக்கையை முழுவதும் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

கவுன்சலிங் சைக்காலஜின்னா என்னங்க மேடம்? கிளினிக்கல் சைக்காலஜியும் அதுவும் ஒண்ணுதானா?

இரண்டும் நெருங்கிய உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. மனநோய்களை மதிப்பிடுவதும் அவற்றுக்கு உளவியல் முறையில் சிகிச்சை அளிப்பதும் மருத்துவ உளவியலின் மையம். படிப்பு, வேலை, திருமணம், இழப்பு, இடம்பெயர்வு என்று வாழ்க்கையின் திருப்பங்களில் தடுமாறி நிற்பவர் தம் வலிமையைக் கண்டுகொள்ளத் துணைநிற்பது ஆலோசனை உளவியலின் மையம். 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவும் மையம் ஒன்றைத் தொடங்கியதை இத்துறையின் தொடக்கமாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் தேவைகள் அதை வளர்த்தன. 1951இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில்தான் ‘ஆலோசனை உளவியல்’ என்ற பெயர் உறுதியானது.

‘ஆலோசனை’ என்ற சொல் நம் ஊரில் ‘அறிவுரை’ என்றே காதில் விழுகிறது. அதனால் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல்லை நான் விரும்புகிறேன். ஆற்றுப்படையில் பரிசில் பெற்று வரும் பாணன் எதிரே வருபவனுக்கு வழியைச் சொல்வான். நடக்க வேண்டியவன் கேட்பவன்தான்.

பிஎச்.டி. முடிச்சுட்டா தனியா கவுன்சலிங் சென்டர் வைக்கலாம்தானே?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். நம் நாட்டில் முனைவர் பட்டம் என்பது ஆய்வுப் பட்டம். ஒரு கேள்வியை எழுப்பவும், தரவு திரட்டவும், பகுத்துப் பார்க்கவும், முடிவை நேர்மையாக எழுதவும் அது பயிற்றுவிக்கும். எதிரே அமர்ந்து அழுகிற ஒருவரிடம் அடுத்த ஐந்து நிமிடம் எப்படி இருப்பது என்பதை அது கற்றுத்தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒருவர் மாணவர்களின் தேர்வு அச்சத்தைப் பற்றி ஐந்நூறு வினாத்தாள்களை நிரப்ப வைத்து, புள்ளியியல் செய்து, சிறந்த ஆய்வேடு எழுதி, ஒரு மாணவரிடம்கூட அரைமணி நேரம் தனியே பேசாமலேயே பட்டம் பெற முடியும். அவரும் ஆலோசனை உளவியலில் முனைவர்தான்.

ஆகவே பயிற்சியைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் மனிதர்களைச் சந்திப்பதும், அந்தச் சந்திப்புகளை அவரிடம் கொண்டுபோய்ப் பேசுவதும்தான் பயிற்சி. எனக்கு இது புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சியின்போது உடன் பயின்ற தோழி ஒருவர் தம் வீட்டுக் கவலை ஒன்றை, வயதான தந்தை தறியை விட மறுப்பதை, என்னிடம் சொன்னார். இருபது நிமிட உரையாடலைப் பதிவு செய்து மேற்பார்வையாளரிடம் போட்டுக் காட்டினேன். அவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார். இருபதில் பன்னிரண்டு நிமிடம் நானே பேசியிருந்தேன். தோழி “அப்பா கை நடுங்குது” என்று சொல்லி நிறுத்திய இடத்தில் பதிவை நிறுத்தி, “இங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். நான் நரம்பியல் மருத்துவரின் முகவரியைச் சொல்லியிருந்தேன். என் முனைவர் படிப்பின் எந்தத் தாளிலும் இது வரவில்லை.

அப்போ லைசென்ஸ் எதுவும் வேணாமா?

மருத்துவ உளவியலாளர் என்று பணிபுரிய, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். ஆலோசனை உளவியலில் பெற்ற முனைவர் பட்டம் அந்தப் பதிவைத் தராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளருக்கு வகுத்துள்ள தகுதியும் வேறு. மற்ற உளவியலாளர்களையும் நலவாழ்வு ஆலோசகர்களையும் 2021ஆம் ஆண்டின் இணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. உங்கள் படிப்புச் சான்றுகளோடு, மேற்பார்வையில் செலவிட்ட நேரத்துக்கான கையொப்பமிட்ட பதிவேட்டையும் முதல் நாளிலிருந்தே பாதுகாத்து வையுங்கள்.

பெயருக்கு முன் ‘முனைவர்’ என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம்மிடம் வருபவர்களில் பலர் ‘டாக்டர்’ என்ற பலகையைப் பார்த்து மாத்திரை எழுதித் தருவார் என்று நினைத்து வருகிறார்கள். நாம் மருந்து எழுத முடியாது. அதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவுல இதே படிப்பு வேற மாதிரின்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில், உளவியலாளர் ஆய்வாளராகவும் செயல்முறையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த மரபில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முனைவர் படிப்பில் சேருபவர் பாடங்கள், ஆய்வேடு ஆகியவற்றோடு பல பருவங்கள் மேற்பார்வையில் ஆலோசனை வழங்குகிறார். இறுதியில் ஓராண்டு முழுநேரப் பணிப்பயிற்சியும் செய்கிறார். அந்த இடமும் பெரும்பாலும், மாணவரின் விருப்பத்தையும் பயிற்சி மையத்தின் விருப்பத்தையும் பொருத்திப் பார்த்து ஒதுக்கும் நாடு தழுவிய முறையில் கிடைக்கும். இவையெல்லாம் முடிய ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பிறகு உரிமத் தேர்வும் மாநில உரிமமும் உண்டு. ஆய்வைவிடச் செயல்முறைக்கு முதலிடம் தரும் ‘சை.டி.’ என்ற பட்டமும் அங்கே இருக்கிறது. 1973இல் வேய்ல் மாநாடு அதற்கு ஒப்புதல் அளித்தது.

தனியாக மையம் வைப்பது பற்றிய கேள்வியில் சொன்ன இரண்டும், அதாவது ஆய்வும் பயிற்சியும், அங்கே ஒரே படிப்புக்குள் இருக்கின்றன. இங்கே இரண்டு இடங்களில் இருக்கின்றன. அமெரிக்கப் பாடத்திட்டத்தை இணையத்தில் பார்த்துவிட்டு இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் ஏமாற்றத்தோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ‘ஆலோசகர் கல்வி’ என்ற இன்னொரு முனைவர் படிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு அங்கீகாரம் தரும் அமைப்பும் வேறு, கிடைக்கும் உரிமமும் வேறு.

நான் எம்.எஸ்சி. சைக்காலஜி தபால்ல படிச்சேன். பிஎச்.டி.க்கு எடுத்துக்குவாங்களா?

முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமிலேயர் அல்லாத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில். படிப்பை இந்த ஒழுங்குமுறைகள் நிறுத்திவிட்டதால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில், அங்கீகரிக்கப்பட்ட காலத்தில் தொலைநிலையில் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லும். ஆனால் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்துள்ளது. இனிமேல் சேரப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முனைவர் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற இந்த ஒழுங்குமுறைகளில் வழி இல்லை.

நெட் எழுதணுமா? ஸ்டைபண்டு எவ்வளவு வரும்?

2024 ஜூனிலிருந்து நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகையில் இளநிலை ஆய்வு நல்கை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் சேர்க்கை மூன்றும் அடங்கும். இரண்டாம் வகையில் நல்கை இல்லை. மூன்றாம் வகை முனைவர் சேர்க்கைக்கு மட்டுமே. பின்னிரண்டு வகைகளிலும் அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். அந்த வகைகளில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடைமானம். தனி நுழைவுத் தேர்வு நடத்தும் இடங்களில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியலிலிருந்தும் பாதி பாடத்திலிருந்தும் வரும்.

நல்கை பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். இது 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகை. நல்கை இல்லாமல் சேருபவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே சேர வேண்டும். பயணம், உளவியல் அளவுகோல்களுக்கான கட்டணம், அச்சு, மேற்பார்வையாளருக்கான கட்டணம் என்று சிறு சிறு செலவுகள் சேர்ந்துகொண்டே போகும்.

ஸ்கூல்ல கவுன்சலரா வேலை பார்க்கறேன். வேலையை விடாம பண்ண முடியுமா?

முடியும். பணி வழங்குபவரிடமிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பதும், தேவைப்பட்டால் பாடநெறிக்காக விடுப்பு தரப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பாடநெறி குறைந்தது 12 மதிப்பலகுகள் (கிரெடிட்) கொண்டது. ஆய்வு முறையியலும் ஆய்வு வெளியீட்டு அறமும் அதில் கட்டாயம், 55 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. மொத்தக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. மறுபதிவின் மூலம் இன்னும் இரண்டு ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உண்டு. பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் விடுப்பும் உண்டு. இதைக் கேட்டுப் பெறாமல் படிப்பைப் பாதியில் விட்ட தோழிகள் எனக்கு இருக்கிறார்கள்.

கைடு எப்படித் தேடறது? யாரும் கிடைக்க மாட்டேங்கறாங்களே.

பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே ஒரே காலத்தில் நெறியாளராக இருக்க முடியும். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. இடம் இல்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் அருகில் இருக்கிறது, அங்கே உளவியல் துறையும் உண்டு. ஆனாலும் உங்கள் தலைப்புக்குரியவர் கோவையிலோ சென்னையிலோ இருந்தால் தயங்காமல் அங்கே எழுதுங்கள்.

நெறியாளராகப்போகிறவரின் ஆய்வேடுகளையும், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளையும் ‘சோத்கங்கா’ என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இலவசமாகப் படிக்கலாம். மூன்றையாவது முழுவதும் படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். அவரிடம் முடித்த இருவரோடு பேசி, வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கேளுங்கள். விருதுகளை விட அந்தப் பதில் முக்கியம்.

ஆறு மாசத்துல கவுன்சலிங்ல டாக்டர் பட்டம் தர்றேன்னு ஒருத்தர் கூப்பிடறார், சேரலாமா?

சேரக் கூடாது. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள் என்று மேலே சொல்லியிருக்கிறேன். விடுதி அரங்கில் மேலங்கி போர்த்தித் தரும் காகிதத்தை நம்பி ஒரு மனிதர் தம் துயரத்தைக் கொண்டுவந்து எதிரே வைப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஏற்காடு பக்கம் என்ன தலைப்பு எடுக்கலாம் மேடம்?

தலைப்பை நான் தரக் கூடாது, ஆனால் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்லலாம். மலை மேலே நூறாண்டு கடந்த உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பத்து வயதில் வீட்டைப் பிரிந்த பிள்ளை யாரிடம் மனம் திறக்கிறது என்பது நல்ல கேள்வி. காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்பவர்கள், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு இறங்கி வரும் மாணவர்கள், கீழே செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் மனநிலையைப் பற்றிய கேள்விகள் ஏராளமாக இருக்கின்றன. பழங்குடி மக்களிடம் போகிறவர்கள் ஒரே நாளில் வினாத்தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு இறங்கிவிடக் கூடாது. முதலில் சில மாதங்கள் சும்மா போய்வர வேண்டும்.

இங்கிலீஷ் ஸ்கேலை அப்படியே தமிழ்ல மொழிபெயர்த்து யூஸ் பண்ணலாமா?

கூடாது. முதலில் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பிறகு இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும், வல்லுநர் குழு ஒப்பிட வேண்டும், அதன்பின் சிலரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்க வேண்டும். நம்பகத்தன்மைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். கடைசிப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1977இல் வெளியான மனச்சோர்வு அளவுகோல் ஒன்று இருக்கிறது, சி.இ.எஸ்.–டி. என்பார்கள். இருபது கூற்றுகள் கொண்டது. கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். குடும்பத்தாரும் நண்பர்களும் உதவியும்கூட மனச்சோர்விலிருந்து மீள முடியவில்லை என்ற பொருளில் ஒரு கூற்று வரும். கொலுசுக்கு வளையம் பற்றவைக்கும் ஓர் அம்மாவிடம் அதை வாசித்தேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒத்தாசையே பண்ணலையே கண்ணு, இதுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?” என்று கேட்டார். ‘ஒரு நாளும் இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தால் அந்தக் கூற்றைப் பொறுத்தவரை அவருக்குச் சோர்வே இல்லை என்று கணக்கில் ஏறியிருக்கும். அவர் தம் நிலையைச் சொல்லப் பயன்படுத்திய சொற்கள் ‘நெஞ்சு பாரமா கெடக்குது’, ‘எதுலயும் மனசு ஒட்டல’ என்பவை. இந்தச் சொற்களைத் திரட்டுவதே ஓர் ஆய்வுக்குப் போதுமான வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேர்காணல் முறையில் ஆய்வு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். பேச்சைத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பகுத்துவிட்டு, ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் ஆங்கிலமாக்குங்கள்.

ஹாஸ்டல் பசங்ககிட்ட டேட்டா எடுக்க வார்டன் கையெழுத்து போதுமா?

போதாது. காப்பாளரும் தலைமையாசிரியரும் தருவது உள்ளே நுழைய அனுமதி மட்டுமே. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலும், பிள்ளையின் இசைவும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை வாய்மொழி இசைவும், அதற்கு மேல் எழுத்துமூல இசைவும் பெற வேண்டும். தரவு திரட்டத் தொடங்கும் முன்பே நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் நின்றுகொண்டிருக்கும்போது ‘விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம்’ என்று சொல்வது இசைவு கேட்பதாகாது, ஏனென்றால் எந்தப் பிள்ளையும் எழுந்து போகாது.

பேட்டி எடுக்கும்போது ஒரு பிள்ளை, சாகணும்னு தோணுதுன்னு சொல்லிட்டா? வேற ஏதாவது நடந்ததைச் சொன்னா?

அந்தக் கணத்தில் ஆய்வு நின்றுவிட வேண்டும். பிள்ளையைத் தனியே விடாமல், பொறுப்பான பெரியவரிடம் தெரிவித்து, மருத்துவ உதவிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த ஏற்பாட்டை அறநெறிக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே எழுதி, யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். மலைக்கு மேலே மாலை நேரத்தில் கைப்பேசித் தொடர்பு கிடைக்குமா என்பதைக்கூடப் பார்த்து வையுங்கள்.

பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. ஆகவே ‘நீ சொல்வது எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும்.

என்கிட்ட கவுன்சலிங்குக்கு வர்றவங்களையே சாம்பிளா சேர்த்துக்கலாமா?

பகுதி நேரமாகப் படிப்பவர்கள் எல்லாருக்கும் இந்த எண்ணம் வரும், எனக்கும் வந்தது. நம்மிடம் உதவி பெறுபவர் நம்மிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லத் தயங்குவார், அதனால் அவர் தரும் ஒப்புதல் சுதந்திரமானதல்ல. நம் உதவியால் அவருக்கு நன்மை விளைந்ததா என்பதை அளக்கும் இடத்தில் நாமே இருப்பதும் சரியல்ல. வேறு ஆலோசகரிடம் செல்பவர்களைச் சேர்ப்பதும், ஒப்புதலைத் தொடர்பில்லாத ஒருவர் பெறுவதும் இதற்கான வழிகள். இவற்றால் ஓராண்டு கூடுதலாகும் என்றாலும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

கல்யாணமாகி வேற ஊருக்குப் போகணும். இவ்வளவு நாள் பண்ணது வீணாயிடுமா?

வீணாகாது. பெண் ஆய்வாளர் திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம் மாறினால், தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே இடம் தருகின்றன. புதிய இடத்தில் நெறியாளரை உறுதிசெய்துகொண்ட பிறகு மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

வைவா முடிஞ்சதும் அந்த ஆடியோவை எல்லாம் என்ன பண்றது?

ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்களோ அதைச் செய்ய வேண்டும். ஐந்தாண்டில் அழிப்பதாக எழுதியிருந்தால் அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதுவரை கடவுச்சொல்லிட்ட ஒரே இடத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் நெறியாளருக்கு அனுப்பிய பிரதிகள், பழைய கைப்பேசியில் தங்கிவிட்ட பிரதிகள், தட்டச்சு செய்து கொடுத்தவரின் கணினியில் உள்ள பிரதிகள் ஆகியவையும் கணக்கில் வரும். ஆய்வேடு சோத்கங்காவில் எல்லாருக்கும் தெரியும்படி ஏறும் என்பதால், ஊர், தொழில், வயது மூன்றும் சேர்ந்தாலே ஒருவரை அடையாளம் காண முடியுமா என்று ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு மேற்கோளையும் பார்க்க வேண்டும்.

முடிவுகளைப் பங்கேற்றவர்களிடம் திரும்பப் போய்ச் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்தது. நான் நான்கு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக்கொண்டு அந்தக் கொலுசுப் பட்டறைக்குப் போனேன். அந்த அம்மா அப்போது வேறு பட்டறைக்கு மாறியிருந்தார். முகவரி கேட்டு அங்கே போய் வாசித்துக் காட்டினேன். ‘நெஞ்சு பாரமா கெடக்குது’ என்ற வரி வந்தபோது, அதை யார் சொன்னது என்று கேட்டார். பெயரைச் சொல்ல முடியாது என்றேன். அது தாம் சொன்னதுதான் என்பதை அவர் மறந்திருந்தார்.